பல்லுக்குள் சுண்ணாம்பு மருந்து: வலி நின்றால் வேலை முடிந்ததா?

பேர்ணாம்பட்டுக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறார். 6 வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை எடுக்கிறார். மூன்று மாதச் சராசரி சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதம். கீழ்த்தாடை வலப்பக்கத்தில் இரண்டாவது கடைவாய்ப் பல் சொத்தையாகி, ஈறில் சீழ்க்கொப்புளம் வந்து, கன்னம் வீங்கிய பிறகு பல் மருத்துவரிடம் போயிருக்கிறார். அவர் வேர் சிகிச்சையை (ரூட் கெனால்) தொடங்கி, சுத்தம் செய்து, “சுண்ணாம்பு மருந்து வைத்திருக்கிறேன்” என்று சொல்லித் தற்காலிகமாக அடைத்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து மறுபடி சுத்தம் செய்து, மஞ்சள் நிறப் பேஸ்ட்டைச் சிரிஞ்சால் ஏற்றி அடைத்துவிட்டு, இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வலி போய், கொப்புளமும் வற்றிவிட்டது. கம்பெனியில் ஆர்டர் நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை, வலியும் இல்லை. அப்படியே 9 வாரம் ஓடிவிட்டது. இடையில் அடைப்பின் ஓரம் உதிர்ந்து சோறு சிக்க ஆரம்பித்தது. பிறகு அதே இடத்தில் கொப்புளம் மறுபடி வந்தது, வாயில் உப்புச் சுவையோடு ஏதோ கசிந்தது.

திரும்பப் போனபோது மருத்துவர் முதலிலிருந்து சுத்தம் செய்ய வேண்டும் என்றும், மருந்து வைத்து இன்னும் இரண்டு முறை வர வேண்டியிருக்கும் என்றும், கூடுதலாக 1,500 ரூபாய் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேயில் வேரின் நுனிக்கு வெளியே சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்திருக்கிறது. “கொஞ்சம் மருந்து வெளியே போயிருக்கு, ஒன்றும் ஆகாது” என்றாராம். உதடு, தாடையில் மரத்துப்போன உணர்வு எதுவும் இல்லை. நாத்தனாருக்கு வேலூரில் ஒரே நாளில் முடித்துவிட்டார்களாம். “சர்க்கரை இருக்கிற உடம்புக்கு இதெல்லாம் எதுக்கு, பிடுங்கிப் போடு” என்கிறார் மாமியார். இது போக, 9 வயது மகனுக்குச் சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த மேல் முன்பல்லில் 5 மாதத்துக்கு முன் வேறொரு மருத்துவர் அதே மருந்தை வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றி ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். “எனக்கு ஒரு வாரம், பையனுக்கு ஒரு வருஷம். மருந்து ஒன்றுதானே? யார் சொல்வது சரி? என்னை இழுத்தடிக்கிறார்களா?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் இழுத்தடிக்கவில்லை. 9 வாரம் கழித்து, அடைப்பு உடைந்து, கொப்புளம் திரும்பிய பல்லை மறுபடி திறந்து சுத்தம் செய்யாமல் அப்படியே மூடினால்தான் அது தவறு. நீங்கள் வலி நின்றதைச் சிகிச்சை முடிந்ததாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனாலேயே பல பற்கள் போகின்றன. மருந்து வைத்த பல் பாதியில் நிற்கும் பல். அதற்கு ஒரு கெடு உண்டு.

மருந்து உள்ளே செய்யும் வேலை

சுண்ணாம்பு மருந்தின் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்புதான். 1920-இல் ஹெர்மன் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் இதைப் பல் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். நூறு வருடம் கடந்தும் இதன் இடத்தை வேறு மருந்து முழுமையாகப் பிடிக்கவில்லை. இதன் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். ஏறத்தாழ 12.5. ஈரத்தில் இதிலிருந்து பிரியும் ஹைட்ராக்சில் அயனிகள் கிருமியின் மேலுறையைச் சிதைக்கும், புரதத்தைக் குலைக்கும். செத்த கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சையும் செயலிழக்க வைக்கும். வேரைச் சுற்றியுள்ள எலும்பை அரிக்கத் தூண்டுவதே அந்த நச்சுதான் என்பதால் இது சிறிய லாபம் இல்லை.

ஆனால் இந்த வேலை மெதுவாக நடக்கும். அயனிகள் வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய கால்வாயை ஒட்டிய உள்சுவருக்குச் சில மணி நேரத்தில் போய்விடும். வேரின் வெளிப்பக்கத்தை எட்ட ஒரு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும், அங்கே உச்ச அளவை அடைய 2 முதல் 3 வாரம். பல்லின் உட்பொருளான டென்டினே அந்தக் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுப்படுத்தும். அதனால்தான் பத்து நிமிடம் வைத்து எடுத்தால் பயனில்லை, குறைந்தது 7 நாள் வேண்டும் என்கிறோம். மேல் எல்லை 2 முதல் 4 வாரம். அதைத் தாண்டினால் பேஸ்ட் கரைந்து குறையும், காற்றும் எச்சிலும் பட்ட பகுதி வெறும் கால்சியம் கார்பனேட்டாக மாறிச் சத்தில்லாமல் போகும்.

எல்லாக் கிருமியையும் இது கொல்லாது என்பதையும் சொல்ல வேண்டும். எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்றொரு கிருமி பி.எச். 11.5 வரை தாக்குப்பிடிக்கும். பழைய வேர் சிகிச்சை தோற்ற பற்களில் இது அடிக்கடி இருக்கும். கேண்டிடா என்ற பூஞ்சையும் சுலபத்தில் சாகாது. கால்வாயை அரம் போன்ற மெல்லிய ஊசியால் அகலப்படுத்துவதும், 3 முதல் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டால் தாராளமாகக் கழுவுவதும்தான் கிருமி நீக்கத்தின் பெரும்பகுதி. மிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ளத்தான் சுண்ணாம்பு மருந்து. சரியாகச் சுத்தம் செய்யாத கால்வாயில் எத்தனை முறை மருந்து மாற்றினாலும் பலன் வராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “சுண்ணாம்புதானே” என்று வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துச் சொத்தைக் குழியில் திணிக்கும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அது ஈறையும் கன்னத்தின் உட்தோலையும் வேகவைத்துப் புண்ணாக்கும். கால்வாய்க்குள் ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. மாமியாரின் வெற்றிலைப் பெட்டி அவரிடமே இருக்கட்டும்.

அடைப்பு உதிர்ந்தபோது நடந்தது

மருந்துக்கு மேலே போடும் தற்காலிக அடைப்பு எச்சிலின் ஈரத்தில் இறுகும் வகை. குறைந்தது 3.5 மில்லிமீட்டர், முடிந்தால் 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். கீழே பெரிய பஞ்சு உருண்டையை வைத்துவிட்டு மேலே மெல்லிசாகப் பூசினால் சில நாளிலேயே எச்சில் கசியும். நன்றாகப் போட்டதுகூட கடைவாய்ப் பல்லின் மெல்லும் அழுத்தத்தில் 2, 3 வாரம்தான் நம்பகமாக நிற்கும். உங்களுடையது 9 வாரம் நிற்க வேண்டியிருந்தது. ஓரம் உதிர்ந்த நாளிலிருந்து எச்சிலும் உணவும் கிருமியும் மருந்தைக் கரைத்துக்கொண்டு வேர்வரை இறங்கியிருக்கும். முதல் முறை கொப்புளம் வற்றியதே உங்கள் மருத்துவர் செய்த சுத்தம் வேலை செய்தது என்பதற்கு அடையாளம். அது திரும்பியதற்குக் கசிவே முதல் சந்தேகம்.

வாயில் தெரிந்த உப்புச் சுவை சீழ். அது வெளியே வடிய வழி இருப்பதால்தான் வலியில்லை. வலியில்லாத சீழ் எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். இதற்காக மெடிக்கல் ஷாப்பில் அமாக்சிசிலின் வாங்கிப் போடாதீர்கள். கால்வாய்க்குள் ரத்த ஓட்டம் இல்லை, மாத்திரை அங்கே போய்ச் சேராது. காய்ச்சல், பரவும் வீக்கம் இருந்தால்தான் அதற்கு வேலை.

இன்னொரு முறை லீவு சிக்கல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தற்காலிக அடைப்பின் மேல் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் போட்டுத் தரலாம், அது இன்னும் கெட்டியாக நிற்கும். ஆனாலும் அது நாள் கடத்த அனுமதி இல்லை. அடைப்பு போட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள். சிகிச்சை முடிந்து கேப் போடும்வரை முறுக்கும் பிரியாணி எலும்பும் இடப்பக்கமே.

எத்தனை முறை மாற்றலாம்?

மூடுவதற்குத் தயார் என்று சொல்ல மருத்துவர் சில அறிகுறிகளைப் பார்ப்பார். வலி இருக்கக் கூடாது, பல்லைத் தட்டினால் நோகக் கூடாது, கொப்புளம் மூடியிருக்க வேண்டும், அடைப்பு முழுசாக இருக்க வேண்டும், கால்வாய்க்குள் காகிதக் குச்சி விட்டால் ஈரமோ நாற்றமோ இல்லாமல் வர வேண்டும். இவை சரியாக இருந்தால் அன்றே கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி முடிக்கலாம். இல்லையென்றால் ஒரு முறை மருந்து மாற்றுவது நியாயம்.

நல்ல அடைப்போடு, ஒழுங்கான இடைவெளியில் இரண்டு முறை மருந்து வைத்தும் கொப்புளம் போகவில்லை என்றால், நான்காவது ஐந்தாவது முறையாக அதே பேஸ்ட்டை ஏற்றுவதில் அர்த்தமில்லை. காரணத்தைத் தேட வேண்டும். கீழ்த்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஆசியர்களிடம் இந்தப் பல்லின் கால்வாய்கள் தனித்தனியாக இல்லாமல் பிறை வடிவில் ஒரே பிளவாக இணைந்திருப்பது அதிகம். அந்தப் பிளவின் ஒடுங்கிய பகுதிகளுக்கு அந்த அர ஊசி எட்டாது. ஹைப்போகுளோரைட்டை அல்ட்ராசானிக் கருவியால் அதிரச் செய்து கழுவினால்தான் சுத்தமாகும். கொப்புளம் ஆறாததற்கு இப்படி விட்டுப்போன பகுதி ஒரு காரணமாகலாம். வேர் நெடுக்காக விரிசல் விட்டிருப்பது இன்னொன்று. விரிசல் இருந்தால் ஈறின் ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆழம் பார்க்கும் மெல்லிய கருவி ஆழமாக இறங்கும். அப்படிப்பட்ட பல்லை எந்த மருந்தும் காப்பாற்றாது, எடுத்துவிடுவதே நல்லது. பிளவுக் கால்வாயும் விரிசலும் சந்தேகமாக இருந்தால் பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் உதவும்.

மருந்து வைத்த பிறகு 2, 3 நாள் மெல்லும்போது நோவு இருக்கலாம். பாராசிட்டமால் 650 மி.கி. 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளில் 4 மாத்திரைக்கு மேற்படாமல் எடுக்கலாம். உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால், சிறுநீரகப் பரிசோதனை முடிவு தெரியாமல் ஐபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகைகளை நீங்களாக எடுக்க வேண்டாம்.

வேர் நுனிக்கு வெளியே வெள்ளைப் புள்ளி

மஞ்சள் பேஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு அயடோஃபார்மும் சிலிக்கோன் எண்ணெயும் சேர்ந்த மெட்டாபெக்ஸ், விட்டாபெக்ஸ் போன்ற வகையாக இருக்கும். அயடோஃபார்ம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தண்ணீரில் குழைத்த தூய கால்சியம் ஹைட்ராக்சைடு அப்படித் தெரியாது. அது டென்டினின் நிறத்திலேயே இருப்பதால், நன்றாக நிரம்பிய கால்வாய் எக்ஸ்ரேயில் மறைந்துபோனதுபோல் இருக்கும்.

நுனியைத் தாண்டிப் போன சிறு துளியை உடம்பு சில வாரம் முதல் சில மாதத்துக்குள் கரைத்துவிடும். உங்களுக்கு உதடு, தாடையில் மரத்துப்போன உணர்வு இல்லை என்று எழுதியிருப்பது மிக முக்கியமான நல்ல செய்தி. அந்தப் புள்ளிக்காக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, அதை எடுக்க அறுவை சிகிச்சையும் தேவையில்லை.

இருந்தாலும் இந்தப் பல்லில் அலட்சியம் கூடாது. கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடும் கால்வாய் இரண்டாவது கடைவாய்ப் பல்லின் வேர் நுனிக்கு மிக அருகில், சிலருக்குத் தொட்டுக்கொண்டே போகும். கடும் காரமான இந்தப் பேஸ்ட் அதிக அளவில் அதற்குள் போனால் நரம்பு புண்ணாகும், உதடு மாதக்கணக்கில், சில நேரம் நிரந்தரமாக மரத்துப்போகும். சிரிஞ்சின் முனையைக் கால்வாய்க்குள் இறுக்கமாகச் செருகி அழுத்துவதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். முனை கால்வாயின் நீளத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் குறைவாக, தளர்வாக இருக்க வேண்டும். மெதுவாக அழுத்தியபடியே பின்னுக்கு எடுக்க வேண்டும். அடுத்த முறை தண்ணீரில் குழைத்த மருந்தைச் சுருள்கம்பியால் ஏற்றும்படி உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். என் கருத்தில் இடைக்கால மருந்துக்கு அதுவே பொருத்தம். அயனிகளை விரைவாக விடும், கழுவி எடுப்பதும் சுலபம். எண்ணெய்ப் பேஸ்ட் சுவரில் ஒட்டிக்கொண்டு முழுதாக வெளியேறாது, மிச்சமிருந்தால் கடைசியாக நிரப்பும்போது இறுக்கமாக ஒட்டுவதைக் கெடுக்கும். அயோடின் ஒவ்வாமை உங்களுக்கு உண்டென்றால் அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மருந்து வைத்த அன்று ஊசியின் மரப்பு போன பிறகும் உதடு மரத்தே இருந்தாலோ, ஊசி போலக் குத்தினாலோ அன்றைக்கே மருத்துவரை அழையுங்கள், காலையாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாக்குக்கு அடியில் வீக்கம், விழுங்கக் கஷ்டம், வாய் திறக்க முடியாமை, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் கிளினிக்கைத் தேடாமல் நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.யின் அவசரப் பிரிவுக்கோ போய்விடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கழுத்துவரை சீழ் பரவ ஓர் இரவு போதும்.

சர்க்கரை, பிடுங்குவது, ஒரே நாள் சிகிச்சை

சர்க்கரை இருந்தால் வேர் சிகிச்சை கூடாது என்பது தவறு. எலும்பு ஆறுவது சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. பல்லைப் பிடுங்கினால் அந்தப் புண்ணும் அதே சர்க்கரையோடுதான் ஆற வேண்டும். 8.4 அதிகம்தான். உங்கள் பொது மருத்துவரைப் பார்த்து 7-ஐ நோக்கிக் குறைக்க முயலுங்கள். வாயில் சீழ் இருக்கும்வரை சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும். ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும். பல் மருத்துவரிடம் காலை நேரத்தில், வழக்கம்போல் சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்து நாற்காலியில் மயங்குகிறவர்கள் உண்டு.

பிடுங்குவது இன்றைக்குச் செலவு குறைவான வழி. கடைவாய்ப் பல் போனால் எதிரே உள்ள மேல்பல் நாளடைவில் இறங்கும், பக்கத்துப் பல் சாயும். பிரிட்ஜோ இம்பிளான்டோ வைக்க நினைத்தால் இப்போதைய செலவைவிட அதிகம் ஆகும். பல்லின் சுவர்கள் நன்றாக இருந்து, விரிசல் இல்லாதபோது காப்பாற்றுவதே என் ஆலோசனை. ஈறுக்குக் கீழேவரை உடைந்திருந்தால் மட்டும் மாமியார் சொல்வது சரி.

நாத்தனாருக்கு ஒரே நாளில் முடித்ததும் தவறில்லை. ஒரே முறையில் முடித்த பற்களும் மருந்து வைத்துப் பல முறையில் முடித்த பற்களும் நீண்டகால பலனில் பெரிதாக வேறுபடவில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. நரம்புக்கு உயிர் இருந்து வலி மட்டும் உள்ள பல், சீழ் வடியாமல் காய்ந்த கால்வாய் என்றால் ஒரே நாள் போதும். கால்வாயிலிருந்து சீழ் கசிந்துகொண்டிருக்கும் பல்லை அன்றே அடைக்கக் கூடாது. உங்கள் பல் இப்போது அந்த வகை.

வேறு மருத்துவர், பணம், ஆவணங்கள்

அதே மருத்துவரிடம் தொடர்வதுதான் செலவும் அலைச்சலும் குறைந்த வழி. கால்வாய்களின் எண்ணிக்கையும் நீளமும் அவருக்குத் தெரியும். நம்பிக்கை வரவில்லை என்றால் வேலூரில் வேர் சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். படித்த எண்டோடான்டிஸ்ட் ஒருவரிடம் கருத்துக் கேளுங்கள். சி.எம்.சி.யிலும் பல் பிரிவு இருக்கிறது. போகும்போது எக்ஸ்ரேக்களின் நகலும், எந்தத் தேதியில் என்ன மருந்து வைத்தார்கள் என்ற சிறு குறிப்பும் கையில் இருக்கட்டும். அவற்றைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. சண்டை போட்டுக் கேட்க வேண்டியதில்லை, “இன்னொருவர் கருத்துக் கேட்க வேண்டும்” என்று சொன்னாலே போதும், நல்ல மருத்துவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

1,500 ரூபாயைப் பற்றி: வேலை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது, தாமதம் உங்கள் பக்கம். கேட்டது அநியாயம் என்று சொல்ல முடியாது. அந்தத் தொகையில் என்னென்ன அடக்கம், கேப் தனியா என்று எழுதி வாங்குங்கள். அலட்சியத்தால் பாதிப்பு ஏற்பட்டால் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலிலும், 2 வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். ஆனால் நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த முறை போகும்போது இவற்றைக் கேளுங்கள்:

- எத்தனை கால்வாய் கிடைத்தது, பிறை வடிவமா?
- பல்லைச் சுற்றி ரப்பர் டேம் கட்டிச் செய்வீர்களா? எச்சில் உள்ளே போகாமலும் ஹைப்போகுளோரைட் தொண்டைக்குப் போகாமலும் காப்பது அந்த ரப்பர் விரிப்புதான்.
- மூடுவதற்கு எந்தத் தேதி? அந்தத் தேதியை அன்றே கம்பெனி சூப்பர்வைசரிடம் சொல்லி லீவு எழுதிவிடுங்கள். ஞாயிறு திறந்திருக்குமா என்றும் கேட்டுவையுங்கள்.
- கேப் எப்போது? வேர் நிரப்பிய கடைவாய்ப் பல் கேப் இல்லாமல் பிளந்துபோவது அடிக்கடி நடக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தள்ளாதீர்கள்.

முடிந்த பிறகு 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் இருக்கும் கருநிழல் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எலும்பு நிரம்புவதை அதற்கு முன் தீர்மானிக்க முடியாது, சிலருக்கு 4 வருடம்வரை ஆகும்.

மகனின் முன்பல்

உங்கள் சந்தேகத்துக்கு வித்திட்டதே இதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. இரண்டு மருத்துவர்களும் பொய் சொல்லவில்லை. உங்கள் பல்லில் மருந்தின் வேலை கிருமியைக் கொல்வது. மகனுக்கு வேறு வேலை. மேல் முன்பல் 7, 8 வயதில் முளைத்து, வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட இன்னும் சுமார் 3 வருடம் ஆகும். அதற்குள் அடிபட்டு நரம்பு செத்துவிட்டால் வேர் பாதி வளர்ச்சியில் நின்று, நுனி புனல்போல் திறந்தே இருக்கும். அதற்குள் எதை நிரப்பினாலும் எலும்புக்குள் போய்விடும். கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் வைத்தால் திறந்த நுனியில் கடினமான ஒரு தடுப்பு உருவாகும், பிறகு நிரப்பலாம். 1960-களிலிருந்து பரவலாக நடந்துவரும் முறை இது. 6 மாதத்திலிருந்து 18 மாதம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

வேலை செய்யும் முறைதான், ஆனால் இன்றைக்கு எனக்கு இதில் உடன்பாடில்லை. மருந்து மாதக்கணக்கில் உள்ளே இருந்தால் டென்டினைப் பிணைக்கும் புரதம் சிதைந்து, ஏற்கெனவே மெல்லிய வேர் இன்னும் பலமிழக்கும். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் பல் ஒடிந்துவிடும் ஆபத்து உண்டு. 9 வயதுப் பையன் மறுபடி விழாமல் இருக்கப் போவதில்லை. 1990-களில் எம்.டி.ஏ. என்ற சிமெண்ட் வந்த பிறகு, திறந்த நுனியில் 4 முதல் 5 மில்லிமீட்டர் அளவுக்கு அதை வைத்து இறுக்கி, ஓரிரு முறையில் முடித்துவிட முடிகிறது. பயோடென்டின் என்ற இன்னொரு சிமெண்டாலும் இதைச் செய்யலாம். சுண்ணாம்பு மருந்து அதற்கு முன் 1 முதல் 4 வாரம் கிருமி நீக்கத்துக்கு மட்டும். வேர் மிகக் குட்டையாக இருந்தால், நுனியிலிருந்து ரத்தத்தைக் கால்வாய்க்குள் வரவழைத்து வேரை வளரவைக்க முயலும் சிகிச்சையும் இருக்கிறது.

ஆகவே மகனின் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: “5 மாதம் ஆகிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து நுனியில் தடுப்பு உருவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எம்.டி.ஏ. வைத்து முடிக்க முடியுமா?” தடுப்பு உருவாகியிருந்தால் உடனே நிரப்பிவிடலாம். எம்.டி.ஏ. வசதி இல்லை என்றால் குழந்தைப் பல் மருத்துவரிடமோ எண்டோடான்டிஸ்டிடமோ எழுதித் தரச் சொல்லுங்கள். அதுவரை கொய்யாவையும் கரும்பையும் அந்தப் பல்லால் கடிக்கவிட வேண்டாம், வெட்டிக் கொடுங்கள். கபடிக்கும் சைக்கிளுக்கும் பல்லுறை அணிவித்து அனுப்புங்கள். அவனுடைய அடுத்த முறையையும் உங்கள் முறையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ள முடிந்தால் ஒரு லீவு மிச்சம்.